ஷெர்மன் டாங்கியை 1/16 அளவில் கட்டி, பெயின்ட் அடிப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

ஷெர்மன் என்பது இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கி. அதை 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாடலாகக் கட்டினால் சுமார் 17 செ.மீ. நீளம் இருக்கும். அதே டாங்கியை 1/16 அளவில் கட்டினால் 36 செ.மீ.க்கு மேல் வரும். நீளம் இரண்டு மடங்குதான், ஆனால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிவிடுகிறது. பாகங்கள் பெரிதாக இருப்பதால் வேலை சுலபம் என்று நினைத்து இந்த அளவை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். கையில் பிடிக்கச் சுலபம், அது உண்மை. ஆனால் சின்ன அளவில் கண்ணுக்குத் தப்பிவிடும் குறை இதில் தப்பாது. இரண்டு பாகத்துக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி விட்டால், நிஜ டாங்கியில் அது 16 மி.மீ., அதாவது ஒரு விரல் நுழையும் ஓட்டை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் பெரிய மாடலுக்கு நான் ஷெர்மனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் 49,000-க்கும் மேல் செய்தார்கள். அதனால் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே நிறம்தான் என்பதால், பல நிறப் பட்டைகளை ஒட்டி மறைத்து அடிக்கும் தொல்லையும் இல்லை. நமக்கும் அது அந்நியமான வண்டி அல்ல. 1945-இல் பர்மாவின் மெய்க்டிலாவை நோக்கிப் போன புரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் ஆகிய இந்திய ரெஜிமென்ட்கள் ஓட்டியது ஷெர்மன்தான். 1965 போரிலும் இந்திய ராணுவத்திடம் ஷெர்மன்கள் இருந்தன.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு படம்

ஷெர்மன் என்பது ஒரே வண்டி அல்ல, எம்4 என்று தொடங்கும் பெயர்களில் பல வகைகள் உண்டு. எம்4ஏ1-இன் மேலுடல் முழுக்க வார்ப்பு, மூலைகள் உருண்டிருக்கும். எம்4, எம்4ஏ2, எம்4ஏ3 பொதுவாகத் தகடுகளை வெல்டிங் செய்து கட்டியவை. எம்4ஏ4 கொஞ்சம் நீளம் கூடியது, ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்த 30 சிலிண்டர் எஞ்சின் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. ரயில் எஞ்சின் செய்த கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் தனித்தனியாகச் செய்ததால் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சின்னச் சின்ன வித்தியாசங்கள் வேறு.

அதனால் உங்கள் பெட்டியில் இருக்கும் வகைக்குப் பொருந்தும் ஒரே ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டாங்கி, ஒரு நாள், ஒரு இடம். அந்தப் படத்தை அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். பத்துப் படங்களிலிருந்து பிடித்ததையெல்லாம் எடுத்து ஒரே டாங்கியில் ஏற்றினால் பிரான்ஸின் நார்மண்டிச் சேறும் பர்மாவின் தூசியும் ஒரே வண்டியில் வந்து உட்காரும். இதில் நான் பிடிவாதக்காரன். எந்தக் கறையைப் போடும் முன்பும் ‘இது இந்த வண்டிக்கு எப்படி வந்தது?’ என்று கேட்டு, பதில் கிடைத்தால் மட்டும் போட வேண்டும்.

சாமான்கள்

நல்ல சைடு கட்டர், கூர் கத்தி, 400 முதல் 1000 வரையிலான வாட்டர் பேப்பர், மாடலுக்கான மெல்லிய திரவப் பசை, பெவிக்குயிக், இடுக்கி, அரை அடிக்கு ஓர் அடி கண்ணாடித் துண்டு. இவை போதும். கண்ணாடி எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கட்டரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மட்டமான கட்டர் பிளாஸ்டிக்கை வெட்டாமல் நசுக்கும். காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷுக்கு 0.3 அல்லது 0.4 மி.மீ. முனை இருக்கட்டும். இவ்வளவு பெரிய பரப்புக்கு 0.2 முனையை வைத்துக்கொண்டு அடித்தால் கை ஓய்ந்துபோகும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் குப்பி கட்டாயம் வேண்டும், அதுவும் கடலோர ஊர்க்காரர்களுக்கு. தின்னரில் கரையும் லாக்கர் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் துணி முகக்கவசம் பயன்படாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள மாஸ்க் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து கழன்று வர அடித்த எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

கீழிருந்து மேலே

வேலையை அடிப்பாகத்தில் தொடங்குங்கள். ஷெர்மனுக்குப் பக்கத்துக்கு மூன்று போகிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம், ஆக மொத்தம் 12. முன்னால் செயினை இழுக்கும் பல்சக்கரம், பின்னால் செயினை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம். நம்மூரில் செயின் பொக்லைன் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும்.

திரவப் பசை ஒட்டும் பசை அல்ல, அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இணைப்பின் ஓரத்தைத் தொட்டால் போதும், பசை தானாக உள்ளே ஓடும். ஐந்து விநாடி கழித்து லேசாக அழுத்துங்கள், உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாக வெளியே பிதுங்கும். அதைத் தொடாதீர்கள். மறுநாள் காய்ந்த பிறகு கத்தியால் சுரண்டி வாட்டர் பேப்பர் போட்டால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. அன்றைக்கே தேய்த்தால் உள்ளே இளகியிருக்கும் பிளாஸ்டிக் பிறகு சுருங்கி, இணைப்பு நெடுகப் பள்ளம் விழும்.

இனி அந்தக் கண்ணாடிக்கு வருவோம். என் முதல் பெரிய ஷெர்மனில் ஆறு போகிகளையும் ஒரே மாலையில் ஒட்டி, தூங்கப் போய்விட்டேன். காலையில் மேசையில் வைத்தால் இடப்பக்க நடுச் சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் முப்பது டன் வண்டியின் சக்கரம் அந்தரத்தில் தொங்குவதை எந்தப் பெயின்டாலும் மறைக்க முடியாது. ரம்பக் கத்தியால் அறுத்து எடுத்துத் திரும்ப ஒட்ட இரண்டு வாரம் போனது. அதற்குப் பிறகு, பசை இளகியிருக்கும்போதே வண்டியைக் கண்ணாடிமேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பார்க்கிறேன். காகிதம் எங்கே தடையில்லாமல் போகிறதோ அந்தப் போகியை அழுத்திச் சரிசெய்துவிட்டு, மேலே ஒரு கனமான புத்தகம் வைத்து இரவு முழுக்க விட்டுவிடுகிறேன். மேசை கோணலாக இருக்கலாம், கண்ணாடி சமமாக இருக்கும்.

செயினையும் மேலே சுழலும் டரெட்டையும் உடலோடு ஒட்ட வேண்டாம். உடல், டரெட், செயின், வெளிச்சாமான்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நிறம் அடித்துக் கடைசியில் சேர்ப்பதுதான் வசதி.

வார்ப்பு எஃகின் தோல்

இந்த அளவில் ஒரு மாடலைப் பொம்மையிலிருந்து பிரித்துக் காட்டுவது மேற்பரப்புதான் என்பது என் கருத்து. இந்தப் பகுதிக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

ஷெர்மனின் டரெட், பீரங்கிக் குழாயைச் சூழ்ந்த கவசம், முன்னால் கீழே உருண்டையாகத் தெரியும் கியர்ப்பெட்டி மூடி ஆகியவை மணல் அச்சில் வார்த்தவை. வீட்டு இரும்புத் தோசைக்கல்லின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், அந்தச் சொரசொரப்புதான் வேண்டும். வெல்டிங் உடலின் பக்கத் தகடுகளோ உருட்டி எடுத்தவை, வழவழப்பானவை. புதிதாகச் செய்பவர்கள் உற்சாகத்தில் எல்லா இடத்தையும் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வார்ப்புக்கும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசமே தெரியாது.

செய்முறை இது. மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான ப்ரைமர் (அடிப்பூச்சு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பசைப் புட்டி பாதி காலியானதும் அதில் பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுகளைப் பொடியாக நறுக்கிப் போட்டு ஓர் இரவு விடுங்கள், மறுநாள் தேன் பதத்துக்கு வந்திருக்கும். பழைய பிரஷின் மயிரை 5 மி.மீ. விட்டு ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். டரெட்டில் தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் குழம்பைப் பூசி, உடனே பிரஷை நெட்டாகப் பிடித்துக் குத்திக்கொண்டே போங்கள். பத்து விநாடியில் அது இழுக்கத் தொடங்கும், அப்போது நிறுத்திவிட வேண்டும். இழுத்த பிறகும் குத்தினால் முள் முள்ளாக எழும்பும். அப்புறம் அடுத்த தீப்பெட்டி அளவு. இரண்டு பகுதிக்கும் நடுவே கோடு விழாமல் ஓரங்களைக் கலந்துவிடுங்கள்.

முழுக்கக் காய்ந்ததும் பார்த்தால் பயமாக இருக்கும், பலாப்பழத் தோல் மாதிரி தெரியும். 400 வாட்டர் பேப்பரை நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். முனைகள் மட்டும் மழுங்கி, பள்ளங்கள் அப்படியே இருக்கும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, டரெட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேரே பார்க்கும்போது சாதாரணமாகவும், சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் மேடுபள்ளம் தெரியும்படியும் இருந்தால் நிறுத்துங்கள். நேரே பார்த்தாலே தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

வெல்டிங் தையலுக்கு நம்மூர் எம்-சீல் போதும். கையுறை போட்டுப் பிசைந்து, முகப்பவுடர் தூவிய கண்ணாடிமேல் 1 மி.மீ. இழையாக உருட்டுங்கள். தகடுகள் சேரும் மூலையில் அந்த இழையைப் படுக்கவைத்து, நீரில் தொட்ட பல்குச்சியின் நுனியால் அரை மில்லிமீட்டருக்கு ஓர் அழுத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள். ஒரே சீராக வந்தால் நம்பும்படி இருக்காது. கை வெல்டிங் என்பதால் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் வளையும். எம்-சீல் சீக்கிரம் இறுகும் என்பதால் ஒருமுறைக்குப் பட்டாணி அளவுக்கு மேல் பிசையாதீர்கள்.

அடுத்தது தடிமன். விளக்குகளைக் காக்கும் கம்பி வளைவு, மட்கார்டு போன்றவை நிஜத்தில் மெல்லியவை. 3 மி.மீ. தகடு இந்த அளவில் 0.2 மி.மீ.க்கும் குறைவு, பெட்டியில் வருவதோ 1 மி.மீ. பிளாஸ்டிக். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. கண்ணில் படும் ஓரத்தை மட்டும் உட்பக்கத்திலிருந்து சரிவாகச் சுரண்டினால் மெல்லிசாகத் தெரியும். கைப்பிடிகளைச் செம்புக் கம்பியில் வளைத்துப் பொருத்துங்கள். இழுவைக் கயிற்றுக்குப் பழைய மின்சார ஒயரை உரித்து உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழைகளை முறுக்கிக்கொள்ளலாம்.

நிறம்

முதலில் சாம்பல் நிற ப்ரைமர். அதுதான் குறைகளைக் காட்டிக்கொடுக்கும். கீறல், பசைத் தடம், நிரம்பாத இணைப்பு எல்லாம் இப்போது தெரியும். திரும்பப் பட்டி பார்த்து, தேய்த்து, ப்ரைமர் அடியுங்கள். மூன்று முறை ஆனாலும் இங்கேயே முடித்துவிட வேண்டும்.

அமெரிக்க வண்டியின் நிறம் ஆலிவ் டிராப். பெயரில் ஆலிவ் இருந்தாலும் அந்தக் காலத்தில் அடிப்படையாக மஞ்சள் காவியும் கறுப்பும் கலந்தே அதைச் செய்தார்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் மந்தமான பச்சையாகத் தெரியும். இது தெரிந்தால் ஒரு தவறைத் தவிர்க்கலாம்: வெயிலில் வெளுத்த இடத்துக்காக நிறத்தை இளக்கும்போது வெள்ளையைச் சேர்க்காதீர்கள், சுண்ணாம்பு அடித்தது போல நீலம் தட்டும். மஞ்சள் காவியோ மணல் நிறமோ சேருங்கள்.

பெயின்டைப் பால் பதத்துக்கு நீர்க்கவிட்டு, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 10 செ.மீ. தூரத்தில் மெல்லிய பூச்சாக அடியுங்கள். முதல் பூச்சில் ப்ரைமர் தெரியத்தான் செய்யும், விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மேலே வானம் பார்த்த தகடுகளில் மட்டும் காவி கலந்த இளநிறத்தைப் புகை மாதிரி விடுங்கள். சின்ன மாடல்களில் செய்வது போல வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் பெயின்டாலேயே காட்டத் தேவையில்லை. இவ்வளவு பெரிய உடலில் அறை வெளிச்சமே பாதி வேலையைச் செய்துவிடும்.

நம் வெயிலும் ஈரமும் தனிப் பாடம். சித்திரை, வைகாசி மதியத்தில் அக்ரிலிக் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மாடல்மேல் ரவை தூவியது போல விழும். காலை ஏழு மணிக்கு அடியுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேருங்கள், முனையை இன்னும் அருகில் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் லாக்கர் வேறு விதமாக வேலையைக் காட்டும். ஒரு நவம்பர் மாலை, வெளியே தூறிக்கொண்டிருக்கும்போது வார்னிஷ் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் டரெட் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது இது. பதறிப்போய்த் துடைக்காதீர்கள். ஈரம் குறைந்த ஒரு நாளில், மெதுவாகக் காயும் லாக்கர் தின்னரை மட்டும் மெல்லியதாக அடித்தால் மேல்தோல் இளகி, வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். எனக்கு அப்படித்தான் மீண்டது.

வெள்ளை நட்சத்திரத்துக்கு ஸ்டிக்கர் வேண்டாம். அந்த நாளில் அச்சுத்தகடு வைத்துப் பெயின்டால்தான் போட்டார்கள், நாமும் அப்படியே செய்வோம். மாஸ்கிங் டேப்பில் நட்சத்திரத்தை வெட்டியெடுத்து, ஓரங்களை நகத்தால் அழுத்தி, சுத்த வெள்ளைக்குப் பதில் மணல் நிறம் ஒரு துளி சேர்த்த வெள்ளையை அடியுங்கள். எதிரி குறிபார்க்க வசதியாக இருக்கிறது என்று அதைச் சேறு பூசியோ பெயின்ட் அடித்தோ மறைத்த படையினரும் உண்டு. உங்கள் படத்தில் அப்படி இருந்தால் தாராளமாகப் பூசுங்கள். இன்னொன்று: மேல்கதவுகளின் உட்பக்கத்தை வெள்ளையாக்காதீர்கள். வண்டியின் உள்ளறைதான் வெள்ளை, திறந்தால் வெளியே தெரியும் கதவுக்கு ஆலிவ் டிராப்.

செயின்

எம்4, எம்4ஏ3 வகைகளுக்குப் பக்கத்துக்கு 79 கண்ணிகள். தனித்தனிக் கண்ணிகளாக வந்திருந்தால் தினம் இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் என்றாலே துரு நிறத்தில் முக்கி எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஷெர்மனின் பல செயின் வகைகளில் தரையைத் தொடுவது ரப்பர் கட்டை. ரப்பர் துருப்பிடிக்காது, தூசி ஏறிய அடர் சாம்பலாக வெளுக்கும். இரும்பாக இருப்பவை இரு ஓரங்களிலும் கண்ணிகளைக் கோக்கும் இணைப்பான்கள். முன் பல்சக்கரத்தின் பற்கள் அவற்றில்தான் மாட்டி இழுக்கும். அதனால் பல் உரசும் இடம் பளபளக்கும். அந்த இடத்தில் மட்டும் மென்மையான பென்சில் கரியை விரலால் தேய்த்தால் இரும்பின் மினுக்கம் அப்படியே வரும். முழுக்க இரும்பால் ஆன செயின் உங்கள் பெட்டியில் இருந்தால் கணக்கு வேறு, தரையில் படும் மேடுகளும் பளபளக்க வேண்டும். சாலை வேலை நடக்கும் இடத்தில் ஒரு பொக்லைனைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள், எங்கே மினுங்குகிறது, எங்கே மண் கட்டியாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஷெர்மனின் செயினை இறுக்கமாக மாட்டுங்கள். ஜெர்மன் டைகர் போல மேலே தொய்ந்து தொங்காது.

அழுக்கு

பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் விடுங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தில் டர்பன்டைன் கலந்து டீ நிறத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய பிரஷ் நுனியால் போல்ட், வெல்டிங், கதவு இடுக்குகளை மட்டும் தொடுங்கள். முழு உடலையும் குளிப்பாட்ட வேண்டாம். அரை மணி கழித்துச் சுத்தமான டர்பன்டைன் தொட்ட பிரஷால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள், மழைநீர் வழிந்த தடம் போல நிற்கும். பிறகு மேட் வார்னிஷ்.

பெயின்ட் உரிந்த இடங்களுக்குக் கிழித்த ஸ்பாஞ்ச் துண்டில் அடர்பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, வண்டிக்குள் இருக்கும் ஐந்து பேர் ஏறி இறங்கும் வழியில் மட்டும் வையுங்கள்: கதவு விளிம்பு, பூட்ஸ் படும் முன் தகடு, கைப்பிடி. டரெட்டின் பக்கவாட்டு நடுவில் யாரும் மிதிப்பதில்லை.

மண்ணுக்கு மண்தான். தோட்டத்து மண்ணை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, மாவு சல்லடையில் சலித்து, ஃபெவிகாலும் நீரும் கலந்து போகிகளுக்கு இடையிலும் அடிவயிற்றிலும் அப்புங்கள். நிறத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். நம்மூர்ச் செம்மண் நார்மண்டி வண்டிக்கு ஒட்டாது, பழுப்பும் சாம்பலும் கலந்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய சேறு காய்ந்து வெளுத்திருக்கும். அதன் மேல் புதிய சேற்றை அடர்நிறத்தில், சற்றே மினுக்கத்தோடு, கீழே மட்டும் வையுங்கள். மெல்லிய தூசிக்கு ஓவியர்களின் உலர் வண்ணச் சாக்பீஸைக் கத்தியால் சுரண்டிய பொடி போதும்.

எல்லாம் முடிந்த பிறகு பெரிஸ்கோப் கண்ணாடிகளில் அடர்நீலம் கலந்த கறுப்பு, அதன்மேல் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். முன்விளக்கின் உள்ளே வெள்ளி நிறம். செயினை மாட்டி, டரெட்டை இறக்கி, இழுவைக் கயிற்றை இரு முனையிலும் பெவிக்குயிக்கால் நிறுத்துங்கள். மெல்லிய ஆண்டெனா கம்பியைக் கடைசியில்தான் செருக வேண்டும். இனி வண்டியைத் தூக்கும்போது இரண்டு கையையும் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள்.